கீச்சான் பஸ் ஏறிய நாள்

குடத்துக்குள் மீன் மல்லாந்து கிடந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. பேச்சி கையை உள்ளே விட்டு அதைக் குப்புறத் திருப்பி விட்டாள். அது மறுபடியும் மல்லாந்தது.

"மச்சான், இது ஏன் இப்படிக் கெடக்கு?"

"எனக்கென்ன தெரியும்? தூங்குதோ என்னவோ."

"மீனு மல்லாக்கப் படுத்துத் தூங்குமா, ஒங்கள மாதிரி?"

தூத்துக்குடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பழைய பாலத்தின் மேல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மாசி மாத வெயில். காலுக்குக் கீழே தூண்களில் தண்ணீர் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. காற்றில் உப்பும் கருவாடும் கலந்த ஒரு வாடை. பக்கத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூண்டில் போட்டிருந்த ஓர் அண்ணாச்சி, எங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து வந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன தண்ணி?"

"நல்ல தண்ணிதான் அண்ணாச்சி. குழாயடியில வரிசையில நின்னு புடிச்சோம்" என்றாள் பேச்சி, பெருமையாக.

அவர் சிரித்த சிரிப்பில் பாலத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏ தாயி, கடல் மீனு நல்ல தண்ணியில கெடக்குமா? செத்துல்லா போவும்! குடிக்கத் தண்ணியில்லாம நாங்க அலையுதோம், நீ மீனக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கே!"

பேச்சியின் முகம் சிறுத்துவிட்டது. "இல்ல அண்ணாச்சி, நாள் பூரா உப்புத் தண்ணியிலேயே கெடந்து அதுக்கும் அலுத்துப் போயிருக்கும்லா? செத்த நேரம் நல்ல தண்ணியில கெடக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், பேச்சி மஞ்சள் காமாலையில் படுத்ததையும் இறந்துபோனதையும் எழுதினேன். மில்லில் என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஏலே, அந்தப் பிள்ள செத்ததையே எழுதுறியே, அது இருந்தத எழுத மாட்டியா?" என்று கேட்டார். அதனால்தான் இந்த வாரம் இந்த மீன் கதை.

கண்மாய்க்காரி

பேச்சி என் பெண்டாட்டி, அத்தை மகள். சேத்தூர்க்காரி. வீட்டுக்குப் பின்னால் வயல், வயலைத் தாண்டினால் கண்மாய். அவளுடைய சின்ன வயதிலேயே அத்தை இறந்துவிட்டதால், அவளும் மாமாவும் மட்டும்தான் அந்த வீட்டில். தூண்டிலும் குடமுமாகக் கண்மாய்க் கரையிலேயே வளர்ந்தவள் அவள்.

கண்மாய்த் தூண்டிலுக்கு மயிலிறகுத் தண்டில்தான் தக்கை போடுவார்கள். தண்ணீரில் அது குத்துக்கல் மாதிரி அசையாமல் நிற்கும். மீன் வாய் வைத்தால் லேசாக ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பிலேயே கெளுத்தியா கெண்டையா என்று சொல்லிவிடுவாள். பிடித்த மீனைத் தண்ணீரோடு குடத்தில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். விரால் என்றால் மறுநாள் வரைக்கும் குடத்துக்குள்ளேயே கிடக்கும். குழம்பு கொதிக்கிற நேரத்தில்தான் அதை வெளியே எடுப்பது. செத்த மீனை வாங்குகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

நான் இராஜபாளையம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மில்லில் நூல் சுற்றி நிறைந்த பாபின்களைக் கழற்றிப் போடுகிற டாஃபர் வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் பஞ்சாக இருக்கும். "வாங்க தாத்தா" என்பாள் வாசலிலேயே. பிறகு என்னை உட்கார வைத்து, காதுக்குள் இருக்கிற பஞ்சை ஊதி எடுப்பாள். அந்த ஊதல் இன்னும் காதில் இருக்கிறது.

"ஒங்க ஊர்ல எங்க பாத்தாலும் பஞ்சா இருக்கு. தண்ணியத்தான் காணோம்" என்பது கல்யாணமான புதிதில் அவள் தினமும் சொன்னது.

மாமா கேட்டது

என் மாமா ஒரு காலத்தில் நல்ல தெம்பான ஆள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுகிற கூட்டத்தில் அவரும் இருந்தார். அவ்வளவு பெரிய தேர் தலைக்கு மேல் வந்துகொண்டிருக்கும்போது, குனிந்து கட்டையைப் போட்டுவிட்டுச் சட்டென்று விலக வேண்டும். அப்படிப்பட்டவரை ஒரு நாள் காலையில் பக்கவாதம் தள்ளிவிட்டது. வலது கையும் வலது காலும் போயின. கயிற்றுக் கட்டிலே கதி என்று ஆகிவிட்டது.

அவர் கடலைப் பார்த்ததே இல்லை. திருச்செந்தூர் போக வேண்டும் என்று நினைக்கிற போதெல்லாம் ஒன்று கண்மாய் பெருகும், இல்லாவிட்டால் மாடு கன்று போடும். தேர்த் திருவிழாக் கடையில் ஒருவன் சங்கை அவர் காதில் வைத்து, "கடல் கேக்குதா பாருங்க" என்றானாம். "கடல் எங்கலே கேக்கு? எங்க மாப்ள வேல பாக்குற மில்லுல்லா கேக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மில்லில் சேர்ந்தாற்போல லீவு வந்தது. கடல் பார்க்கப் போகலாம் என்றாள் பேச்சி. சொல்லிக்கொண்டு வருவதற்காகச் சேத்தூருக்குப் போனோம்.

"அங்கருந்து ஒனக்கு என்னப்பா கொண்டாரட்டும்?"

"எனக்கு என்ன தாயி வேணும்?" என்றவர், பிறகு சொன்னார்: "கடல் மீன உசுரோட பாத்ததில்ல. சந்தைக்கு வாரதெல்லாம் ஐஸுல கெடந்து கண்ணு வெளுத்துப் போயில்லா வருது. அந்த உப்புக்குள்ள அது எப்படித்தான் மூச்சு விடுதுன்னு ஒரு தடவ பாக்கணும்."

"கொண்டாறேன்."

"ஏட்டி, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல."

இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமாவைக் கார் வைத்துக் கூட்டிப்போகிற வசதி எங்களுக்கு இல்லை. பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. அதனால் பேச்சிக்கு அந்த மீன் பெரிய காரியமாகிவிட்டது. அப்பா கண்ணை மூடுவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மாமா இன்றைக்கும் இருக்கிறார். நாங்கள் பயந்ததெல்லாம் அவருக்காகத்தான். இவளுக்காகப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

கரையே கட்டலியா?

விடியும் முன்பே பஸ் ஏறினோம். பித்தளைக் குடம், கண்மாய்த் தூண்டில், எங்கள் ஊரில் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஈரமண்ணோடு சுற்றிய மண்புழு, புளியோதரைப் பொட்டலம், தண்ணீர் கேன். கோவில்பட்டியில் பஸ் மாறி, தூத்துக்குடியில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தோம்.

கடலைப் பார்க்கும் முன்னால் சத்தம்தான் கேட்டது. "ஏட்டி, பக்கத்துல எங்கயோ மில்லு ஓடுது" என்றேன். மாமா சொன்னது சரிதான் போலிருக்கிறது. அவள் என் கையைக் கிள்ளினாள்.

தெரு முடிந்ததும் கடல். பேச்சி குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கேட்டாள்:

"மச்சான், அந்தப் பக்கம் கரையே கட்டலியா?"

பாலத்தில் ஏறித் தூண்டிலைப் போட்டதும் அடுத்த கஷ்டம் வந்தது. தக்கை சும்மா நின்றால்தானே மீன் கடிப்பது தெரியும்? இங்கே அலைக்கு அலை அது குதித்தது. அது குதிக்கும்போதெல்லாம் இவள் சுண்டினாள். வெறும் முள்தான் வந்தது. மண்புழுவை எந்த மீனும் சீண்டவில்லை. அப்படிச் சுண்டியதில், சும்மா போய்க்கொண்டிருந்த ஒரு சின்னக் கிழங்கான் மீனின் விலாவில் முள் மாட்டி மேலே வந்துவிட்டது. அதைத்தான் குழாய்த் தண்ணீரில் போட்டு வைத்திருந்தோம்.

பேசுற மீன்

கிழங்கான் செத்தது. பேச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீனை உயிரோடு கொண்டுபோய் யாருக்குக் காட்டப் போகிறோம் என்பதை நான்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அத மொதல்லயே சொல்லப்படாதா?" என்று கோபித்துக்கொண்டு போனவர், ஓர் ஈயத்துண்டும் கொஞ்சம் இறாலும் கொண்டுவந்து போட்டார். "அந்தத் தக்கையத் தூக்கி எறி தாயி. இங்க கண்ணால பாக்க முடியாது. நூல விரல்ல போட்டுக்க."

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேச்சி நூலை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். முந்தானை காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, அவள் வாயில் ஓர் உருண்டை வைத்தேன். கண்ணைத் திறக்காமலே வாங்கிக்கொண்டாள். அடுத்த உருண்டைக்குள் விரல் சுண்டியது.

உள்ளங்கை நீள மீன். வெள்ளி நிறம், முதுகில் வளைந்து வளைந்து கறுப்புக் கோடுகள். கையில் பிடித்ததும் "கீச், கீச்" என்று சத்தம் போட்டது.

"மச்சான்! இது பேசுது!"

"கீச்சான்னு அதுக்குப் பேரே அதான். பாத்துப் புடி, செவுள்ல முள்ளு இருக்கு. கெட்டி உசுரு" என்றார் அண்ணாச்சி. குடத்தின் கழுத்தில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறைப்பதுபோலக் கடல் தண்ணீரை அவரே இறைத்துக் கொடுத்தார். கேனிலும் நிரப்பிக்கொள்ளச் சொன்னார். "பாதி வழியில தண்ணிய மாத்துங்க. மூச்சு முட்டிச்சின்னா செத்துரும். சீக்கிரம் போய்ச் சேருங்க."

தண்ணீரில் விட்டதும் கீச்சான் ஒரு சுற்றுச் சுற்றி, நிமிர்ந்து நின்றது. பேச்சி குடத்தின் வாயில் முகத்தை வைத்து, "பயப்படாத. எங்க அப்பா ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டாவ" என்றாள்.

குடத்துல என்னம்மா?

"குடத்துல என்னம்மா?" என்றார் கோவில்பட்டி பஸ் கண்டக்டர்.

"கடலு."

"என்னது?"

"கடல் தண்ணிண்ணே. உள்ள ஒரு ஆளு இருக்கு."

கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு டிக்கெட் வேண்டாம். என் பஸ்ஸுல சிந்தாம வந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் கூடையோடு இருந்த ஓர் அக்காவும் எட்டிப் பார்த்தாள். "இந்தப் பொடிசுக்கா இம்புட்டுப் பெரிய குடம்? இது ஒரு வாய்க்குக் காணாதே."

"திங்குறதுக்கு இல்லக்கா. எங்க அப்பா பாக்குறதுக்கு. எந்திரிச்சு நடக்க மாட்டாவ."

அந்த அக்கா வெயில் படாமல் இருக்கக் குடத்தின் மேல் தன் முந்தானையை இழுத்துப் போட்டாள். இறங்குகிற வரைக்கும் அப்படியே வந்தாள்.

கோவில்பட்டியில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேனில் இருந்ததை ஊற்றினோம். பெட்டிக்கடையில் கலர் குடிக்கிற ஸ்ட்ரா ஒன்று கேட்டு வாங்கி, அடுத்த பஸ்ஸில் குடத்துக்குள் விட்டு நான் ஊதிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

"மச்சான், பீடி குடிச்ச வாயில ஊதுறீங்க. அதுக்கே மீனு மயங்கிரும்."

"அப்ப நீ ஊதுட்டி."

இருவரும் மாறி மாறி ஊதினோம். கழுகுமலை தாண்டும் வரை கீச்சான் நிமிர்ந்துதான் நின்றது. சங்கரன்கோவிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பேச்சி குடத்துக்குள் கையை விட்டு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. ஆண்டாளை வேண்டிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பஸ் டேப்பில் சினிமாப் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் மில் புகைபோக்கி தெரிகிற நேரத்தில், என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"மச்சான், கைக்குள்ள அசையல."

கொட்டிட்டு ஏறு

இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஏதேதோ சொன்னேன். இன்னொரு நாள் போகலாம் என்றேன். "இன்னொரு நாளைக்கு அப்பா இருக்கணும்லா?" என்றாள்.

சேத்தூர் டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் எங்களுக்குத் தெரிந்த பையன்தான். கூட்டம் நெரிந்தது. "ஏன் மாப்ளே, செத்த மீனுக்கு எதுக்குக் குடம் தண்ணி? கொட்டிட்டு ஏறு" என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. குடத்தை வாங்கிச் சரித்தேன். பேச்சி இரண்டு கையாலும் குடத்தின் வாயைப் பொத்தினாள்.

"கொட்டாதீங்க."

"எதுக்குட்டி?"

"தெரியல. இம்புட்டுத் தூரம் வந்துருச்சு, கெடக்கட்டும்."

அவளுக்கும் காரணம் தெரியாது. பிடிவாதம்தான். ஃபுட்போர்டில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நான் சேத்தூர் வரை தொங்கிக்கொண்டு வந்தேன். சட்டை முதுகெல்லாம் உப்புத் தண்ணீர்.

விளக்கு வைக்கிற நேரம். உள்ளே நுழைந்ததும் பேச்சி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மாமா தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்திருந்தது. துவைத்த வேட்டி. படிய வாரிய தலை.

"காலையிலேயே ஆள விட்டுச் சவரம் பண்ணச் சொல்லிட்டாவ. அதுலருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காவ" என்றாள், அவரைக் கவனித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மதினி.

"அப்பா, செத்துப்போச்சு" என்றாள் பேச்சி.

"யாரு தாயி?" என்றார் மாமா பதறி.

"மீனு."

"அடச்சீ, மீனா!" மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொண்டா இங்க."

கீச்சானை இடது கையில் வாங்கி, விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவுளை விரலால் திறந்து பார்த்தார். முதுகுக் கோடுகளைத் தடவினார். "ராசா மாதிரி இருக்கான்" என்றார். "எம்புட்டு நேரம் உசுரோட வந்தான்?"

"சங்கரன்கோயில் தாண்டுற வரைக்கும்."

"அம்புட்டுத் தூரமா!" என்று மரியாதையாக அதை மதினியிடம் கொடுத்தார். பிறகு குடத்தைப் பார்த்தார். "அதுக்குள்ள என்ன?"

"அது கெடந்த தண்ணி."

கையை உள்ளே விட்டு நனைத்து, விரலை நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. "ஏ அப்பா! இம்புட்டு உப்பா?" மறுபடியும் வைத்துப் பார்த்தார். கண் மட்டும் குடத்தை விட்டு நகரவில்லை.

"அப்ப இதான் கடலு" என்றார்.

"ஆமாப்பா."

"மாப்ளே, என்னக் கொஞ்சம் தூக்கிக் கட்டில் ஓரமா உக்கார வைங்க."

"எதுக்கு மாமா?"

"கடலுக்குப் போனா கால நனைக்கணும்லா?"

நான் அவரைத் தூக்கி உட்கார வைத்து, பின்னால் இருந்து தாங்கிக்கொண்டேன். மதினி வாயகன்ற சருவச்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பேச்சி தண்ணீரை அதில் ஊற்றினாள். கடல் மணல் கொஞ்சம் அடியில் வந்து விழுந்தது. அவருடைய இடது கால் தானே உள்ளே இறங்கியது. வலது காலை அவள் எடுத்து வைத்தாள்.

"அந்தக் காலும் உள்ள இருக்கா?"

"இருக்குப்பா."

"சில்லுன்னு இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அலை அலைன்னு சொல்லுவாவளே தாயி, அது எப்படி?" என்று கேட்டார்.

பேச்சி தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் சட்டியின் அந்த ஓரத்திலிருந்து தண்ணீரைத் தள்ளினாள். அது வந்து அவர் கணுக்காலில் மோதித் திரும்பியது. மறுபடியும் தள்ளினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் பெருசா வரட்டும்."

பெரிதாகத் தள்ளினாள். தண்ணீர் சட்டியைத் தாண்டி அவள் மடியிலும் தரையிலும் சிந்தியது. கண்ணாடி வளையல்கள் சட்டியின் விளிம்பில் பட்டுக் கிணுகிணுத்தன. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

மாமா கண்ணைத் திறக்காமல் இடது கையை முன்னால் நீட்டினார்.

"உள்ள எறங்குதேன். புடிச்சுக்க தாயி."

பேச்சி ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் அலையை நிறுத்தவில்லை.